மூன்றாம் மாடிப் படுக்கையறை

செருப்பு அம்மாவுடையதுதான். நீல வார்; இடது காலில் அது அறுந்துபோய், போன மாதம் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் கொடுத்துத் தைத்தது; அவரிடம் நீல நூல் இல்லை, வெள்ளை நூலில் தைத்துவிட்டார், வீட்டுக்கு வந்ததும் நான்தான் பார்த்துச் சிரித்தேன், "பல்லு முளைச்ச மாதிரி இருக்கும்மா" என்றேன். அந்தப் பல் இப்போது பைபாஸ் ரோட்டு ஐந்து மாடிக் கடையின் மூன்றாவது மாடியில், மாதிரிப் படுக்கையறையின் கம்பள ஓரத்தில் இருக்கிறது. மாதிரிப் படுக்கையறை என்றால் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் திரைச்சீலையும் விற்பதற்காகக் கடைக்காரர்கள் கட்டிவைத்திருக்கும் பொம்மை அறை. மூன்று பக்கம் பலகைச் சுவர், நாலாவது பக்கம் சுவரே கிடையாது, நேராகக் கடையின் நடைவழி. ஒரு கட்டில், ஒரு மஞ்சள் விளக்கு, ஒரு சாய்வு நாற்காலி, வெளியே எதுவுமே இல்லாத ஒரு ஜன்னலுக்குப் பச்சைத் திரை. வாசல் இல்லாத அந்த அறைக்கு வெளியே ஒரு பெண் செருப்பைக் கழற்றி, ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் என் அம்மா சண்முகவடிவு. இந்த நேரத்தில் கோயிலில் விளக்குத் திரி திரிக்கும் சேவையில் இருக்க வேண்டியவள். நான் துவாலை அடுக்குக்குப் பின்னால், கையில் படிவ அட்டையும் பேனாவுமாக, திருடி மாதிரி நிற்கிறேன். மணி இரண்டு இருபது. மூன்று மணிக்கு அந்த அறையின் குறுக்கே கயிறு கட்ட வருவார்கள். கயிறு என் யோசனை. இல்லை, யோசனை இல்லை, நக்கல். நக்கலை நக்கலாக வாசிக்கத் தெரியாத ஒரு மேனேஜரிடம் நான் ஏன் நக்கலடித்தேன், யாராவது சொல்லுங்கள்.

யாரும் சொல்லவேண்டாம், எனக்கே தெரியும், வாயை மூடிக்கொண்டு இருக்க எனக்கு வராது. சமூகவியல் முதுகலை, கடைசி வருஷம், ஆய்வேட்டுக்குத் தலைப்பு 'பெருங்கடைச் சூழலும் வாடிக்கையாளர் ஈர்ப்பும்'. ஈர்ப்பு என்ற சொல்லே கைடு போட்டது. நான் 'பொறி' என்று எழுதியிருந்தேன், அவர் சிவப்பில் அடித்து, "சங்கரி, இது மேடைப் பேச்சு இல்ல" என்றார். மேடைப் பேச்சு இல்லைதான், ஆனால் எலி விழுந்தால் அதற்குப் பேர் பொறிதானே, எலி ஈர்க்கப்பட்டது என்றா சொல்வோம்? கடையில் நின்று ஆட்களைக் கவனிக்க அனுமதி கொடுத்த மேனேஜர் ஜெபராஜ் ஒரு நிபந்தனை போட்டார்: இடைக்கால அறிக்கை ஒன்று அவருக்கும் தர வேண்டும். தந்தேன். அதில் அவருடைய கேள்வி ஒன்றுக்குப் பதில் எழுதவேண்டியிருந்தது. மாதிரி அறையில் ஒன்றும் வாங்காமல் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பவர்களை என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். எனக்கு எப்படி வந்தது பாருங்கள் கோபம். உட்கார் உட்கார் என்று நாற்காலி போட்டு, விளக்குப் போட்டு, தலையணையைத் தட்டிவைத்துக் கூப்பிடுவது நீங்கள். உட்கார்ந்துவிட்டால் குற்றம் அவர்களுடையதா? பதினாலாம் பக்கத்தில் எழுதினேன்: 'இவ்வளவு வருத்தம் இருந்தால், அறையின் குறுக்கே ஒரு கயிறு கட்டி, பார்ப்பதற்கு மட்டும், உட்காருவதற்கு அல்ல என்று பலகை மாட்டிவிடுங்களேன். அதுதான் நேர்மை.' எழுதி முடித்ததும் பேனாவை மேசையில் எறிந்தேன், அவ்வளவு திருப்தி. இன்று காலையில் ஜெபராஜ் கூப்பிட்டு, "பதினாலாம் பக்கம் சூப்பர்மா, நாங்க இத்தனை வருஷம் யோசிக்கவே இல்ல பாத்துக்கிடுங்க" என்றார்.

அந்தக் கயிறு கட்டுவதைப் பார்த்துவிட்டுப் போகத்தான் இன்று மதியமும் தங்கினேன். எப்போதும் காலை பத்து முதல் ஒன்று வரை என் முறை, மதியம் இரண்டு முதல் ஐந்து வரை என்னோடு படிக்கும் பெர்லின் வந்து குறிப்பெடுப்பாள். இன்று மட்டும் அவளை வர வேண்டாம் என்றேன். நான் ஒரு மணிக்குப் படியிறங்குவேன், அம்மா இரண்டு மணிக்குப் படியேறியிருக்கிறாள். எத்தனை நாள்? பெர்லினின் படிவம் என் பையில் இருக்கிறது, வரிகள் எனக்கு மனப்பாடம். பெண், எண் பதினேழு. வயது ஐம்பது, ஐம்பத்தைந்து. தனியாக வருகிறார். எதையும் விலை கேட்பதில்லை. வாரத்தில் நாலு நாள். தங்குவது ஏறக்குறைய இரண்டு மணி நேரம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறார், வீடுன்னு நெனச்சுட்டாங்க போல, ஹாஹா. அந்த ஹாஹாவை வாசித்து நானும் சிரித்தேன், பெர்லினின் விடுதி அறையில், அவள் கட்டிலில் உட்கார்ந்து, வடை தின்றுகொண்டு. சிரித்ததோடு விட்டேனா? அதை அறிக்கையில் சான்றாகப் போட்டேன். 'பெண் பதினேழின் செருப்பு, கடை உண்டாக்கும் மயக்கம் முழு வெற்றி பெற்றதற்கு அடையாளம்.' மயக்கம். அம்மா மயங்கியா இருக்கிறாள்? இங்கிருந்து பார்த்தால் முதுகும் பாதி முகமும் தெரிகிறது. மடியில் பஞ்சு இருக்கிறது. சேலையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் சொருகி, உள்ளங்கையால் பஞ்சைத் தேய்த்துத் தேய்த்துத் திரி திரிக்கிறாள். அட, திரிக்கத்தான் செய்கிறாள், கோயில் மட்டும்தான் பொய். ராத்திரி அப்பாவிடம் காட்ட ஒரு கட்டு. "நூத்தியெட்டா வடிவு?" என்று அப்பா பெருமையாகக் கேட்பாரே, அந்தக் கட்டு.

நானா சும்மா இருக்கிறேன், இந்தக் கடையை அங்குலம் அங்குலமாக எழுதியவள். வாசலில் கண்ணாடிக் கதவு திறந்ததும் தலைமேல் பொத்தென்று விழும் குளிர் எதற்கு? வெளியே நாற்பது டிகிரி; அந்த முதல் குளிரில் உடம்பு இந்த இடத்துக்கு நன்றி சொல்லிவிடுகிறது, அப்புறம் புத்தி என்ன சொன்னாலும் எடுபடாது. வெள்ளிக்கிழமை வாசலில் சந்தனமும் கற்கண்டும், கல்யாண வீடு மாதிரி. கல்யாண வீட்டுக்கு வந்தவள் கையை வீசிக்கொண்டா திரும்புவாள்? கீழ்த்தளத்தில் தாழம்பூ மணம், பூ எங்கேயும் இல்லை, சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி கால் மணிக்கொரு தரம் உஸ்ஸென்று மூச்சு விடுகிறது. பட்டுக்கு மஞ்சள் வெளிச்சம், எவர்சில்வருக்கு வெள்ளை வெளிச்சம், ஆண்கள் சட்டை மாட்டிப் பார்க்கும் கண்ணாடி ஒரு பிடி பின்னால் சாய்ந்திருக்கும், எல்லாரும் அதில் கொஞ்சம் உயரம். எங்கேயும் கடிகாரம் இல்லை. மதியம் வீணை, மெதுவாக, கால் மெதுவாக நடக்க. ஐந்து மணிக்கு மேல் கூட்டம் வந்ததும் மேளம், சீக்கிரம் எடு சீக்கிரம் நகரு என்று. ஏறுவதற்கு நகரும் மின்படி நடுவில், இறங்குவதற்குக் கடைசியில், அதுவரை எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டுதான் போக வேண்டும். மாடிப்படி எங்கே என்று கேட்டால்தான் காட்டுவார்கள். இத்தனையையும் கண்டுபிடித்து, நேரம் போட்டு, அட்டவணை போட்டு வைத்திருக்கிறேன், வாய்மொழித் தேர்வில் எவர் என்ன கேட்டாலும் வாயடைப்பேன் என்று இருந்தேன். அம்மாவை நான் எந்த அட்டவணையில் போட? குளிர் அவளுக்கு ஆகாது, தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாள். தாழம்பூ மணம் அவளுக்குத் தலைவலி. விளக்கு? திரை? தலையணை? அவள் தலையணையைப் பார்க்கக்கூட இல்லை. அப்புறம் எதற்கு வந்தாள்? எது ஈர்த்தது? கேட்டீர்களா, நானே 'ஈர்த்தது' என்கிறேன்.

இப்போது திரிப்பதை நிறுத்திவிட்டாள். கையைப் பையில் விட்டு எதையோ எடுக்கிறாள். கடலை மிட்டாய். காகிதத்தைச் சத்தமில்லாமல் பிரிக்கிறாள், ஏன் சத்தமில்லாமல், இங்கே யார் கேட்கப் போகிறார்கள், ஓ, பழக்கம். வீட்டில் காகிதம் சரசரத்தால் கூடத்திலிருந்து அப்பா கேட்பார், "என்ன சத்தம் வடிவு?" போன வருஷம் மே மாதம் அப்பா ஓய்வு பெற்றார். முப்பத்துநாலு வருஷம் பொதுப்பணித்துறை அலுவலகத்தில் கோப்புப் பார்த்தவர் ஜூன் முதல் தேதியிலிருந்து வீட்டைப் பார்க்க ஆரம்பித்தார். கெட்டவர் இல்லை, யாரும் அப்படிச் சொல்லிவிட முடியாது. அடிக்க மாட்டார், குடிக்க மாட்டார், காய்கூட நறுக்கிக் கொடுப்பார். ஆனால் இருப்பார். காலையில் கண் விழித்ததிலிருந்து இருப்பார். அடுக்களையில் மூடி ஒன்று விழுந்தால், "என்ன விழுந்துச்சு?" "ஒண்ணுமில்ல, மூடி." "எந்த மூடி?" அம்மா போனில் பேசினால், "யாரு?" "அக்கா." "என்னவாம்?" அம்மா கொல்லைக்குப் போனால் பின்னாலேயே செருப்புச் சத்தம், "கேஸ அணைச்சியா?" அஞ்சறைப் பெட்டிச் சாமான், டப்பா எல்லாவற்றையும் எடுத்துத் துடைத்து, அகர வரிசைப்படி அடுக்கிப் பேர் ஒட்டிவைத்தார். உளுந்தும் கசகசாவும் பக்கத்துப் பக்கத்தில். முப்பது வருஷமாக இருட்டில் கையை விட்டாலும் கடுகை எடுக்கிறவள் அன்றைக்குக் குழம்பில் எதையோ மாற்றிப் போட்டாள், "படிச்சுப் பாத்து எடுக்க வேண்டியதுதானே" என்றார், நான் சிரித்தேன். நான் எதற்குத்தான் சிரிக்கவில்லை? அப்பா வேலைக்குப் போன காலத்தில் மத்தியானம் என்று ஒன்று அம்மாவுக்கு இருந்தது. அவர் போய், நான் பள்ளிக்கூடம் போய், பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, பன்னிரண்டரை முதல் நாலரை வரை. அந்த நேரத்தில் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது, அதுதான் அந்த நேரம்.

கடலை மிட்டாயைக் கடிக்கவில்லை, வாயில் ஒதுக்கிவைத்துக்கொண்டு ஜன்னல் திரையைப் பார்க்கிறாள். அங்கே ஜன்னல் இல்லைம்மா, பின்னால் ஒரு குழல்விளக்குதான் எரிகிறது. அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் பார்க்கிறாள். என் கால் வலிக்கிறது, ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறுகிறேன், துவாலை ஒன்று சரிகிறது, பிடித்துவிட்டேன், மணி இரண்டு முப்பத்தாறு. பயமாக இருக்கிறது. எதற்குப் பயம், அவள் என்னைப் பார்த்துவிடுவாள் என்றா, வந்து எழுப்புவார்கள் என்றா? எழுப்புவார்கள். ஒரு சீருடைக்காரர் வந்து எல்லோருக்கும் முன்னால் எந்திரிங்க என்பார். அவள் செருப்பைத் தேடிப் போடும்போது கால் நடுங்கும். அப்புறம் வரமாட்டாள், இங்கே மட்டுமில்லை, எங்கேயும். வீட்டிலேயே உட்கார வேண்டியதுதானே என்று சொல்வீர்கள். எங்கே? எங்கள் வீட்டில் கூடம், அடுக்களை, ஒரு அறை. கூடத்தில் அப்பா. அறை என்னுடையது. என்னுடையதாக எப்போது ஆனது? பத்தாம் வகுப்பில். அங்கே அம்மாவின் தையல் மிஷின் இருந்தது, ஜன்னலை ஒட்டி. எனக்கு மேசை போட வேண்டும் என்று அதை எடுத்துப் பரண் மேல் ஏற்றினார்கள், ஏற்றும்போது அம்மா கீழிருந்து பிடித்தாள், "பாத்து, சக்கரம் இடிச்சிரப்போவுது". ஜன்னலோரம் உட்கார்ந்து நான் 'பெண்ணின் உழைப்பும் வீட்டுவெளியும்' என்று கட்டுரை எழுதினேன், பல்கலைக்கழகத்தில் பரிசு வாங்கினேன், எழுதும்போது கதவைத் தாழ்ப்பாள் போட்டிருந்தேன், அம்மா தேநீரை வைத்துக்கொண்டு கதவைத் தட்டினாள், "ஒரு நிமிஷம் நிம்மதியா இருக்க விடமாட்டியாம்மா" என்றேன். தேநீர் ஆடை படிந்து வாசலில் இருந்தது. இதை நான் இப்போது ஏன் நினைக்கிறேன், இப்போது நினைத்து என்ன செய்ய, கயிறு, கயிற்றை யோசி.

போன் போடலாம். ஜெபராஜ் இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். "சொல்லுங்கம்மா." சார், அந்தக் கயிறு வேண்டாம் சார். "ஏம்மா, ஏன் இவ்வளவு மெதுவாப் பேசுதீங்க?" கவனிப்பில இருக்கேன் சார். சார், அது நான் கிண்டலா எழுதினது. "எது?" பதினாலாம் பக்கம். அந்தப் பக்கம் சிரிப்பு. "கிண்டலா இருந்தா என்னம்மா, ஐடியா ஐடியாதானே. நான் முதலாளிகிட்ட உங்க பேரைச் சொல்லித்தான் அனுமதி வாங்கியிருக்கேன்." சார், உட்கார்றவங்க இருந்தாத்தான் அறை வீடு மாதிரித் தெரியும், காலியா இருந்தா யாரும் கிட்ட வரமாட்டாங்க, என்கிட்ட எண்ணிக்கை இருக்கு. எண்ணிக்கை இல்லை. இந்த நிமிஷத்தில் கட்டிவிட்டேன். எண்ணிக்கையை மாற்றுகிறவர்களைப் பற்றி வகுப்பில் எழுந்து நின்று கத்தியவள் நான். "அப்படியா? அப்ப அறிக்கையில வேற மாதிரி எழுதியிருந்தீங்களே. அந்தப் பதினேழாம் நம்பர் அம்மாவுக்கு மயக்கம்னு." சார்... "இங்க மயங்கி உக்காந்தா எப்படிம்மா, ஆஸ்பத்திரியா நடத்துதோம்?" தன் பகடிக்குத் தானே சிரித்தார். "கயிறு வந்தாச்சு. வெல்வெட்டு. பித்தளைக் கம்பம். கோயில் கணக்கா இருக்கும், பாருங்க." வைத்துவிட்டார். என்னை வாதத்தில் ஜெயித்தவர்கள் குறைவு. என் சொல்லையே எடுத்து ஜெயித்தவர் இவர்தான்.

சரி, நானே போய் அழைத்துக்கொண்டு வந்துவிட்டால்? இருபது அடிதான். போய், அம்மா வா போகலாம் என்றால் அவளை யாரும் எழுப்ப வேண்டியதில்லை. ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் அந்த இடம் போய்விட்டது. கயிறு கட்டினாலும் போய்விட்டது, நான் போனாலும் போய்விட்டது, இதில் எது குறைச்சல்? போகாமல் இங்கேயே நின்றால் அவள் ஒருத்தியாக அவமானப்பட்டு, ஒருத்தியாக வீட்டுக்கு வந்து, திரிக்கட்டை அப்பாவிடம் கொடுத்து, எனக்குத் தோசை ஊற்றுவாள், நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரித் தின்ன வேண்டும். சட்னி காரமா இருக்கும்மா என்று வேறு சொல்வேன். வீணை ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வருகிறது. சிறுநீர் முட்டுகிறது. யாரோ ஒரு தம்பதி வந்து, மாதிரி அறையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், அந்தப் பெண் மெதுவாகக் கணவனிடம், "அந்த ஆச்சி உக்காந்திருக்க மாதிரி ஒரு சேரு ஜன்னலோரம் போட்டா நல்லாருக்கும் என்னங்க" என்கிறாள். கேட்டீரா ஜெபராஜ், கேட்டீரா, நான் கட்டிய எண்ணிக்கை அவ்வளவு பொய்யில்லை. ஆனால் அந்தப் பெண் 'ஆச்சி' என்று என் அம்மாவைச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை, ஐம்பத்துமூன்றுதான் ஆகிறது. இங்கிருந்து பார்க்க எனக்கே அவள் வேறு யாரோ மாதிரி இருக்கிறாள். கால்மேல் கால் போட்டிருக்கிறாள். அம்மா கால்மேல் கால் போட்டு நான் பார்த்ததே இல்லை.

மணி இரண்டு ஐம்பத்தொன்று. ஏன் இப்போதே வருகிறார்கள், மூன்று என்றுதானே சொன்னார்? தங்கதுரை அண்ணன், கடையின் மின்வேலைக்காரர், இரண்டு பித்தளைக் கம்பங்களைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வருகிறார். முன்னால் செல்வி அக்கா, இந்த மாடியில் விரிப்பு மடிக்கிறவர், தோளில் சிவப்புக் கயிறு. நான் ஒரு அடி எடுத்துவைத்தேன். அவ்வளவுதான் வைத்தேன். கால் நின்றுவிட்டது, என் காலைப் பற்றி நான் இனிமேல் பெருமையாக எதுவும் பேசக்கூடாது. செல்வி அக்கா கம்பள ஓரத்தில் நின்று, செருப்பை மிதிக்காமல் விலகி நின்று, "அம்மா" என்றார். அம்மா திரும்பினாள். மிட்டாயை அவசரமாக விழுங்கினாள். "எந்திரிக்கணும்மா. இனிமே இங்க உக்கார வேண்டாம்னு மேல இருந்து சொல்லிட்டாவ. நீங்க தப்பா எடுத்துக்காதீய." நான் நினைத்த மாதிரி அம்மா நடுங்கவில்லை. பஞ்சைப் பையில் அடைத்தாள். "எனக்கு மட்டுமா, எல்லாருக்குமா?" என்று கேட்டாள். "எல்லாருக்குந்தாம்மா. எவளோ காலேஜ்ல படிக்கிற புள்ள வந்து எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்கா, கயிறு கட்டுன்னு. வேலவெட்டி இல்லாதவ." தங்கதுரை அண்ணன், "அந்தப் புள்ளைக்கு ஒக்காந்து எழுத நாக்காலி இருந்துருக்கும், எழுதிட்டா" என்றார். அம்மா எழுந்து நின்றாள். எனக்கு அவள் முகம் முழுசாகத் தெரிந்தது. புரிந்துவிட்டது அவளுக்கு, காலையில் பத்து மணிக்கு இந்தக் கடைக்குத்தான் போகிறேன் என்று சாப்பாட்டு டப்பா கட்டி வாங்கிக்கொண்டு போகிறவளின் அம்மா அவள். "நல்லாப் படிக்கிற புள்ளையா இருக்கும்" என்றாள். செல்வி அக்கா உதட்டைப் பிதுக்கினார். அம்மா குனிந்து, தான் சாய்ந்த இடத்தில் கசங்கியிருந்த நாற்காலித் துணியை இழுத்துவிட்டாள், மெத்தை விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டாள், அதில் அவள் உட்காரவேயில்லை. செருப்பைப் போட்டாள். போட்டுவிட்டுப் போகாமல், தங்கதுரை அண்ணன் கம்பத்தை நிறுத்துவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "தம்பி, அங்கன நிறுத்தாதீய. நடந்து வாரவங்க கால் தட்டும். ஒரு முழம் உள்ள தள்ளிப் போடுங்க." அவர் தள்ளிப் போட்டார். "கயிறு தொங்குது பாருங்க, இந்தப் பக்கம் கொஞ்சம் இழுத்து மாட்டுங்க." இழுத்து மாட்டினார். அப்போதுதான் நான் துவாலைகளுக்குப் பின்னாலிருந்து வந்தேன், வந்தேன் என்று சொல்வதைவிட இருக்க முடியவில்லை என்று சொல்லலாம்.

அம்மா என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை, "நீ ஒரு மணிக்குப் போயிருவியேட்டி?" திருட்டுக் கையோடு பிடிபட்டவள் கேட்கிற குரல், பிடிபட்டது அவளா நானா என்று எனக்குத் தெரியவில்லை. செல்வி அக்கா என் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கயிற்றின் கொக்கியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். நான் அம்மாவின் பையை வாங்கிக்கொண்டேன். மின்படி அவளுக்குப் பயம், மாடிப்படி எங்கே இருக்கிறது என்று நான் காட்டப் போனேன், அவள் எனக்கு முன்னால் நடந்தாள், அட்டைப்பெட்டிகள் அடுக்கிய மூலைக்குப் பின்னால் இருக்கும் கதவை முழங்கையால் தள்ளித் திறந்தாள். படிக்கட்டில் குளிரும் இல்லை, வீணையும் இல்லை, சுண்ணாம்பு வாசம்தான். "அப்பாட்ட..." என்று ஆரம்பித்தாள். சொல்ல மாட்டேன்மா. இரண்டு படி இறங்கினோம். அம்மா, அது நான் வேணும்னு எழுதல, மேனேஜர் கேட்ட கேள்விக்கு, நான் உக்கார்றவங்க பக்கம்தான் பேசினேன், அந்த வரிய நீ படிச்சா உனக்கே தெரியும், அது ஒரு... "சரி சரி" என்றாள், அடுப்பில் பால் பொங்கும்போது சொல்கிற மாதிரி. நான் விடவில்லை. நீ என் அறையில வந்து இருக்கலாமேம்மா, நான் பகல்ல இல்லையே. அவள் கைப்பிடியைப் பிடித்து நின்று என்னைப் பார்த்தாள். "அங்க இருந்தா ஒங்கப்பாவுக்குக் கேக்கும்" என்றாள். தாழ்ப்பாள் போட்டுக்கொள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். தாழ்ப்பாள் போட்டால் ஏன் போட்டாய் என்று கேட்பார், என்னைக் கேட்க மாட்டார், அவளைக் கேட்பார்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவள் மூச்சு வாங்க நின்றாள். தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, காய் விலை கேட்கிற மாதிரி, "நாலாவது மாடியும் பாத்து எழுதிட்டியா?" என்று கேட்டாள். இல்லைம்மா, திங்கக்கிழமைதான் ஆரம்பிக்கணும். "அங்க சோபா வந்து எறக்கியிருக்கானாம். செல்வி சொன்னா. ஒண்ணு தூண் மறைவுல கெடக்காம்." எனக்குப் புரிய இரண்டு நொடி ஆனது. புரிந்ததும் உடம்பு முழுக்க வாதம் எழுந்து நின்றது: ஆய்வு முறை, நேர்மை, என் பேர் போட்ட ஆய்வேடு, வெளித்தேர்வாளர் வந்து கேட்டால், பெர்லின் என்ன நினைப்பாள், ஒரு மாடி விட்டுப்போனால் முழு ஆய்வும் விழுந்துவிடும்மா, உனக்குத் தெரியாது. "விட வேண்டாம். போய்ப் பாரு. யாரும் உக்காரதில்லைன்னு எழுது." அது பொய்ம்மா. "பொய்தான்" என்றாள் அம்மா. "எழுது." கீழே எங்கேயோ கதவு திறந்து மூடியது, ஒரு நொடி குளிர் காலைத் தொட்டுவிட்டுப் போனது. நான் அட்டையிலிருந்து திங்கட்கிழமைப் படிவத்தை உருவினேன். நாலாம் மாடி, மதியம், அமர்ந்தவர்கள் என்ற கட்டம். இன்னும் அந்த மாடியில் கால் வைக்கவில்லை நான். தாளைக் கைப்பிடியில் வைத்து ஒரு சுழியம் போட்டேன். அம்மா எட்டிப் பார்த்தாள். கண்ணாடி கொண்டுவரவில்லை போலிருக்கிறது, தாளைத் தன் பக்கம் இழுத்துக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அழுத்திப் போடு" என்றாள். "தெரியவே மாட்டேங்குது."